பச்சைக்கிளி ஜாடி

எங்க தெருவுல எனக்கு ரெண்டு பேரு. முகத்துக்கு நேரா கண்ணம்மாக்கா, முதுகுக்குப் பின்னால நியூஸ் பேப்பரு. நான் கோவிச்சுக்கிறதில்லை. பேப்பரு காலையில ஒரு தடவைதான் வரும், நான் சாயங்காலமும் வருவேன்.

தொழிற்பேட்டைக்குப் பின்னால இருக்கிறது எங்க தெரு. பாதிப்பேருக்கு பீங்கான் ஷெட்டுல வேலை. நான் வாசல்ல கிரைண்டரு போட்டு இட்லி மாவு விக்கிறேன். மாவுக்கு வர்றவங்க வெறும் பாத்திரத்தோட மட்டும் வர்றதில்லை. நான் மாவை ஊத்துறதுக்குள்ள அவங்க மனசுல இருக்கிறதை ஊத்திட்டுப் போயிடுவாங்க.

ஆனா வம்புக்கும் ஒரு ஒழுங்கு இருக்குது. ஒரு வாய் சொன்னா அது காத்து. ரெண்டு வாய் சொன்னா புகை. அந்த ரெண்டு பேருக்கும் ஆகாத மூணாவது ஆளு வாயில இருந்தும் அதே சேதி வந்தா, அப்பதான் நெருப்பு. இந்தச் சட்டத்தை நான் ஒரே ஒரு தடவை மீறினேன். போன வருஷம் எதிர்வூட்டு குருமூர்த்தியோட சூளைக்கு அதிகாரிங்க சீல் வச்சுட்டாங்கன்னு ஒத்தை வாயைக் கேட்டுட்டு ஊரெல்லாம் சொல்லிட்டேன். கடைசியில பாத்தா பெயிண்ட் அடிக்க கதவைச் சாத்தியிருக்காங்க. அதுல இருந்து குருமூர்த்தி என்னைப் பார்த்தா சிரிப்பான். அந்தச் சிரிப்பு அவ்வளவு நல்ல சிரிப்பு இல்லை.

குருமூர்த்தி கொலு பொம்மை செய்யிற ஷெட்டு வச்சிருக்கான். வயசு முப்பத்திமூணு, கெட்டிக்காரன், கைவேலை தெரிஞ்சவன். ஆனா ரெண்டு வருஷமா அவன் எதையும் தானா யோசிச்சு நான் பாக்கலை. போன்ல ஏஐ வச்சிருக்கான். அதுக்கிட்ட கேக்காம தும்மமாட்டான். மழை கொட்டும்போது வாசப்படியில நின்னுக்கிட்டு "இன்னைக்கு விருத்தாசலத்துல மழை வருமா"ன்னு கேட்டவன். எங்க வூட்டுக்காரர் செத்தப்ப என் கையைப் புடிச்சுக்கிட்டு அவன் சொன்ன ஆறுதலு அவ்வளவு சுத்தமான தமிழ்ல இருந்துச்சு. எவன் எழுதிக்குடுத்ததுன்னு அழுதுக்கிட்டே யோசிச்சேன். தெருவுல அந்தப் போனுக்கு நாங்க வச்ச பேரு மாமியாரு. "மாமியாரு என்ன சொல்றாங்க குரு?"ன்னு கேட்டா அவனும் சிரிச்சுக்கிட்டே படிச்சுக் காட்டுவான்.

அவன் பொண்டாட்டி பூர்ணிமா, திட்டக்குடிப் பொண்ணு. கல்யாணமாகி ஆறு வருஷம் கழிச்சு இப்ப முழுகாம இருக்கா, அஞ்சு மாசம். இதுக்கு முன்னால ஒண்ணு மூணாம் மாசத்துலயே கலைஞ்சு போச்சு. அதனால இந்தத் தடவை குருமூர்த்திக்குப் பயம். அவ படியேறினா போனைக் கேப்பான், மாம்பழம் தின்னா போனைக் கேப்பான். அதை மட்டும் நாங்க யாரும் கிண்டல் பண்ணலை. பயந்தவன் எதைப் புடிச்சுக்கிட்டா என்ன?

அவளுக்கு வாய் புளிப்பு கேட்டுது. எலுமிச்சம்பழ ஜூஸுல உப்பு போட்டு நாள் முழுக்கக் குடிப்பா. தை மாசம் குருமூர்த்தி ஷெட்டுல கொலுக் கிளிக்கு வச்சிருந்த அச்சுல களிமண் கரைசல் ஊத்தி, முதுகுல வாய் வெட்டி, மூக்கை நீட்டிவிட்டு, பச்சைப் பளபளன்னு ஆறு கிளி ஜாடி செஞ்சான். ஒண்ணு பூர்ணிமாவுக்கு. மிச்சத்தைக் காணும் பொங்கலுக்கு வேண்டியவங்களுக்குக் குடுத்தான். எனக்கும் ஒண்ணு வந்துச்சு. நான் அதை டிவி மேல வச்சு கரண்டு பில்லைச் சொருகிவச்சேன். பூர்ணிமா காலையில ஜூஸு புழிஞ்சு கிளி வயித்துல ஊத்தி ஃபிரிட்ஜுல வச்சிடுவா. தீரத் தீர அதுலயே ஊத்துவா. ரெண்டு மாசமா அந்தக் கிளி காலியா இருந்து யாரும் பாக்கலை.

மாசி நடுவுல ஆரம்பிச்சுது. ஒருநாள் மாவுக்கு வந்தவ, "தலைவலிக்கா, போகவே மாட்டேங்குது"ன்னா.

"குருகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். போன்ல பாத்தாரு. மாசமா இருக்கிறவங்களுக்கு சகஜமாம். தண்ணி நிறைய குடிக்கணுமாம்."

அவ என்னத்தைக் குடிப்பா? ஜூஸைத்தான்.

அடுத்த வாரம் மருந்துக்கடையில குருமூர்த்தி பூர்ணிமாவோட மலச்சிக்கலுக்கு மருந்து வாங்குனதைப் பார்த்தேன். எட்டிப் பாக்கலை, அவன் பையி திறந்திருந்துச்சு. "இரும்பு மாத்திரை சாப்பிட்டா அப்படித்தான் இருக்குமாம்கா"ன்னான். அதுக்கடுத்த வாரம் வாசுகி வந்தா. அவ கருவேப்பிலங்குறிச்சியில இருந்து பஸ்ஸுல வந்து குருமூர்த்தி ஷெட்டுல பொம்மைக்கு மினுக்குப் பூச்சு பூசுறவ. "பூர்ணிமா அக்காவுக்கு வயித்தைப் புடிச்சு முறுக்குதாம், சார் போனைப் பாத்துட்டு கர்ப்பப்பை விரியிறதுதான்னு சொன்னாரு"ன்னா. பங்குனி பொறந்ததும் பூர்ணிமாவே சொன்னா: "வாயில எந்நேரமும் ஆணியைச் சப்புனாப்புல இருக்குக்கா. சோறு இறங்கலை."

"அதுக்கு மாமியாரு என்ன சொன்னாங்க?"

"அதுவும் சகஜமாம்."

பொய்யின்னு சொல்ல முடியாது. ஒவ்வொண்ணும் மாசமா இருக்கிறவங்களுக்கு வர்றதுதான். அவன் ஒவ்வொரு நாளும் ஒவ்வொண்ணாக் கேட்டான், அது ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லுச்சு. எல்லாத்தையும் ஒரு பையில போட்டு, ஏன் எல்லாம் ஒரே ஆளுக்கு வருதுன்னு அவனும் கேக்கலை, அதுவும் கேக்கலை. டாக்டரம்மாகிட்ட போறதுக்கு இன்னும் மூணு வாரம் இருந்துச்சு. போன தடவை போனப்பவே ரத்தம் கம்மியின்னு சொல்லி இரும்பு மாத்திரை குடுத்திருந்தாங்க.

சனிக்கிழமை காலையில ஒம்போது மணி இருக்கும். பூர்ணிமா தூக்குவாளியோட வந்தா. மாவை ஊத்திக்கிட்டே நிமிந்தேன். முகம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு. வாளியைக் கீழ வச்சா, படியில உக்காந்தா, வயித்தைக் கையால அணைச்சுக் குனிஞ்சா.

"பூர்ணிமா!"

"ஒண்ணுமில்லக்கா. வந்து வந்து போகும். சித்த நேரம்." பல்லைக் கடிச்சுக்கிட்டா. "ஃபிரிட்ஜுல ஜூஸு இருக்கு, எடுத்தாங்களேன். குடிச்சா சரியாப் போயிடும்."

ஓடினேன். அவங்க வூட்டு ஃபிரிட்ஜைத் திறக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசைதான், அன்னைக்கு அதெல்லாம் ஞாபகத்துல இல்லை. கிளியை எடுத்தேன், டம்ளர்ல ஊத்தினேன். கொஞ்சந்தான் இருந்துச்சு, காலியாயிடுச்சு. கழுவலாம்னு குழாய்கிட்ட போயி உள்ள பாத்தேன்.

கழுத்துக்கிட்ட பச்சைப் பளபளன்னு இருக்கு. அதுக்குக் கீழ, ஜூஸு நிக்கிற மட்டம் வரைக்கும், பளபளப்பு இல்லை. வெளுத்துப் போயி, சாக்பீஸு மாதிரி. விரலை விட்டுத் தேய்ச்சேன். சொரசொரன்னு இருந்துச்சு.

இருபது வருஷமா மாவு புளிக்க வைக்கிறவ நான். புளிச்சது பாத்திரத்தைத் தின்னும்னு எனக்கு எந்தப் போனும் சொல்ல வேண்டாம். அலுமினியக் குண்டானை நாலு நாள்ல கருப்பாக்கிடும். இங்க பளபளப்பைத் தின்னிருக்குது. தின்னது எங்க போச்சு? அவ வயித்துக்குள்ள.

டம்ளரை அப்படியே தொட்டியில கவுத்தேன். அடுத்து நடந்ததெல்லாம் என் தொழில்தான்: வாசுகிக்கு போன் போட்டேன்.

"வாசு, தை மாசம் கிளி ஜாடிக்கு எந்தப் பூச்சு பூசுனீங்க?"

"நான் பூசலைக்கா. சாரே பூசுனாரு, வூட்டுக்குன்னு ஆசையா. மூலையில ஒரு பழைய பீப்பா கிடக்குல்ல, முன்னாடி ஷெட்டு வச்சிருந்தவரு வுட்டுட்டுப் போனது. அந்தப் பச்சைதான் பளபளன்னு வரும்னு..." பேச்சு நின்னு போச்சு. "ஏங்க்கா? அதுல ஏதாச்சும் குடிச்சாங்களா?"

"ரெண்டு மாசமா."

அவ குரல் இறங்கி வந்துச்சு. "அதுல காரீயம் இருக்குக்கா. அதைத் தொட்டா ரெண்டு தடவை சோப்பு போட்டுக் கழுவாம டீ குடிக்கக்கூடாது. நான் சேந்த அன்னைக்கு சாருதான் என் கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போயி குழாயில காட்டினாரு."

ரெண்டு வாய் ஆயிடுச்சு. ஜாடியும் சொல்லிடுச்சு, வாசுகியும் சொல்லிட்டா. மூணாவது வாய் குருமூர்த்தி. எனக்கு ஆகாத வாய்.

வாசுகிகிட்டயே சொல்லி அவனை வரச்சொன்னேன். பூர்ணிமாவுக்கு முடியலைன்னதும் பைக்குல பறந்து வந்தான். அவளை அதுக்குள்ள என் வூட்டுக் கட்டில்ல படுக்க வச்சிருந்தேன். வந்ததும் வராததுமா போனைத்தான் எடுத்தான்.

"வலி எந்த இடத்துல? இடதா வலதா? எத்தினி நிமிஷத்துக்கு ஒருக்கா?"

"குரு, போனை வை. இதைப் பாரு." ஜாடியை நீட்டினேன். "இந்தப் பூச்சு அவ வயித்துக்குள்ள போயிருக்கு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

அவன் ஜாடியைப் பாக்கலை. என்னைப் பாத்தான். "யாரு சொன்னது?"

"நான் சொல்றேன்."

"சூளைக்கு சீல் வச்சதையும் நீங்கதான் சொன்னீங்க."

சரி, இருக்கட்டும்னு வாயை மூடிக்கிட்டேன். அன்னைக்கு நான் வாயை மூடினதை தெருவே நம்பாது.

"அக்கா, நான் என்ன மடையனா?"ன்னான். குரல் உசந்துச்சு. "அவ குடிக்கப் போற பாத்திரத்தை விசாரிக்காமலா செஞ்சேன்? கேட்டுட்டுத்தான் செஞ்சேன். இந்தாங்க, இருக்கு பாருங்க." போன்ல மேல மேல தள்ளி தை மாசத்துக்குப் போயி, மூஞ்சிக்கு நேரா காட்டினான். எனக்குக் கண்ணாடி இல்லாம எழுத்து தெரியலை. அவனே படிச்சான். "'உயர் வெப்பநிலையில் சுட்ட பீங்கான் ஜாடியில் எலுமிச்சைச் சாறு வைக்கலாமா?' நான் கேட்டது. 'ஆம், பொதுவாகப் பாதுகாப்பானது.' போதுமா?"

"ஈயச்சொம்புல ரசமே வைக்கிறோம், இதுக்குப் போயி"ன்னு அவனே சேத்துக்கிட்டான்.

"அது வெள்ளீயம்டா. இது காரீயம். உனக்குத் தெரியாதா?"

"போனைக் குடுங்க"ன்னு பூர்ணிமா கட்டில்ல இருந்து கையை நீட்டினா.

"நீ படு பூர்ணி, இது..."

"குடுங்க."

குடுத்தான். அவ ஒருக்களிச்சுப் படுத்து, கட்டைவிரலால தள்ளித் தள்ளி முழுசாப் படிச்சா. வெளிய கிரைண்டரு சும்மா சுத்திக்கிட்டு இருக்கு, நிறுத்த மறந்துட்டேன். அவ கடைசியில வந்து நின்னா. சத்தமாப் படிச்சா.

"'ஆனால் ஜாடியின் மேற்பூச்சில் காரீயம் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். அலங்காரப் பொருட்களுக்கான பூச்சைப் புளிப்பான உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது.'" நிமிந்தா. "இது கடைசி வரிங்க. நீங்க படிச்சீங்களா?"

"அது எல்லாத்துக்கும் கீழ இப்படி ஒண்ணு போடும்..." அவன் குரல் பாதியில காணாமப் போச்சு. ஆனா இன்னும் வுடலை. போனை வாங்கினான், டைப் அடிக்க ஆரம்பிச்சான். "இரு, தெளிவா கேட்டுடறேன்."

என் போன் இன்னும் வாசுகியோட லைன்லயே இருந்துச்சு. நான் கட் பண்ணலை, ஸ்பீக்கர்லயே போட்டு வச்சிருந்தேன். ஒட்டுக் கேக்குறதுக்கு என்கிட்ட பாடம் படிச்சவ அவ, எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்திருக்கா. ஸ்பீக்கர்ல இருந்து திடீர்னு அவ குரலு வந்துச்சு.

"சார், அந்த ஜாடியில நீங்க டீ குடிப்பீங்களா?"

அவன் விரலு போன் மேல அப்படியே நின்னுச்சு.

அவன் போனைக் கட்டில் மேல வச்சான். என் கையில இருந்து ஜாடியை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோயி சாய்ச்சான். உள்ள விரலை விட்டு ஒரு சுத்து தேய்ச்சான். விரலைக் கிட்ட வச்சுப் பாத்தான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஷெட்டுல பொம்மையைத் தூக்கிப் பாப்பானே, விரிசல் இருக்கான்னு, அதே மாதிரி. மூஞ்சி மாறிக்கிட்டே வந்துச்சு.

அப்புறம் ஓடிப்போயி சோப்பு போட்டுக் கைகழுவினான். ஒரு தடவை. மறுபடியும் ஒரு தடவை.

அதைப் பாத்துத்தான் பூர்ணிமா அழுதா. அதுவரைக்கும் அழலை.

ஆட்டோவுல மூணு பேரும் போனோம். மடியில ஒரு பையில ஜாடி. டாக்டரம்மா வலியைப் பாத்துட்டு, வயித்துல வச்சு சத்தத்தைக் கேட்டுட்டு, "குழந்தை துடிப்பு நல்லா இருக்கு"ன்னாங்க. ஜாடியைப் பாத்ததும் பேனாவைக் கீழ வச்சாங்க. குருமூர்த்தி முழுசாச் சொன்னான், தலைவலியில ஆரம்பிச்சு, விடாம. தலைவலி, மலச்சிக்கல், வயித்து முறுக்கு, வாய்க்கசப்பு, ரத்தம் கம்மி, எலுமிச்சை, பச்சைப் பூச்சு. ஒரே மூச்சுல எல்லாத்தையும் சேத்து அவன் சொல்லி நான் கேட்டது அன்னைக்குத்தான். சொல்லிக்கிட்டே வரும்போதே அவனுக்கே புரிஞ்சுடுச்சு, டாக்டரம்மா வாயைத் திறக்கிறதுக்கு முன்னால.

"இதை ஏன் முன்னாடியே வந்து சொல்லலை?"ன்னு கேட்டாங்க.

"ஒவ்வொண்ணா கேட்டுட்டேன் மேடம்."

"யாருகிட்ட?"

அவன் சட்டைப் பையைத் தொட்டுட்டுக் கையை எடுத்துக்கிட்டான்.

ரத்தத்தை எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பினாங்க. புதன்கிழமைதான் தெரியும்னுட்டாங்க. நாலு நாளு. அந்த நாலு நாளும் எதிர்வூட்டுல டிவி ஓடலை. நான் மாவு கொண்டுபோயி குடுத்துட்டு, ஒண்ணும் கேக்காம வந்தேன். எனக்கே என்னைப் பாத்துப் பயமா இருந்துச்சு.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் குருமூர்த்தி என் வாசல்ல வந்து நின்னான். ரெண்டு நாளா ஷேவ் பண்ணலை.

"அக்கா, ஜாடி மொத்தம் ஆறு செஞ்சேன். எங்கது, உங்களுது, திட்டக்குடியில அத்தை வூட்டுல ஒண்ணு. அத்தைகிட்ட பேசிட்டேன், ஒடைச்சுப் போட்டாங்க. மிச்சம் மூணு யாருக்குக் குடுத்தேன்னு..." நெத்தியைத் தேய்ச்சான். "ஞாபகமே வர மாட்டேங்குது. நீங்க பாத்திருப்பீங்க."

பாத்திருப்பேனாவா! இந்தத் தெருவுல ஒரு கொத்துமல்லிக் கட்டு கை மாறுனாலும் எனக்குத் தெரியும். "ஒண்ணு நம்ம தெரு சேரன் வூட்டுல, பிளாஸ்டிக் பூ வச்சிருக்காங்க. ஒண்ணு விருத்தகிரி வாத்தியாரு வாங்கிட்டுப் போனாரு. இன்னொண்ணு உன் ஒண்ணுவிட்ட தங்கச்சி பிரபா. பஸ்ஸுக்குப் போறப்ப மஞ்சப்பையில இருந்து கிளி மூக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு."

"பிரபாவா?" அவன் முகம் வெளுத்துச்சு. பிரபாவுக்கு ஒன்றரை வயசுல பிள்ளை இருக்குது. போன் போட்டான், எடுக்கலை. மறுபடியும் போட்டான். "பைக்குல ஏறுங்கக்கா"ன்னான்.

போற வழியில வாத்தியார் வூட்டுல நிறுத்தினோம். அவரு அதுல நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு, ஊறட்டும்னு இன்னும் தொடாம வச்சிருந்தாரு. "ஊறுகாயைக் கொட்டுறீங்களே பாவிங்களா!"ன்னு அவரு கத்தக் கத்த எடுத்துட்டு வந்தோம். அப்புறம் நேரா கருவேப்பிலங்குறிச்சி. வழி முழுக்க நான் பின்னால உக்காந்து பிரபாவுக்குப் போன் போட்டுக்கிட்டே வந்தேன், எடுக்கலை.

பிரபா வாசல்ல துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தா. எங்களைப் பாத்ததும் திருதிருன்னு முழிச்சா.

"கிளி ஜாடி எங்க பிரபா?"ன்னான் குருமூர்த்தி, வண்டியில இருந்து இறங்காமலே.

"அதுக்காண்ணே வந்தீங்க?" அவ துணியைக் கசக்கினா. "கோவிச்சுக்காதீங்க. அன்னைக்கு பஸ்ஸுல இறங்குறப்பவே கீழ போட்டு ஒடைச்சுட்டேன். ஆசையா செஞ்சு குடுத்தீங்க, சொல்ல மனசு வரலை."

குருமூர்த்தி வண்டி மேல கவுந்து, ஹேண்டில்ல தலையை வச்சு சிரிச்சான். சிரிச்சது அழுகையா மாறுச்சு. பிரபாவுக்கு ஒண்ணும் புரியலை. தன் கையால செஞ்சது ஒடைஞ்சதுக்கு இப்படி சந்தோஷப்பட்ட ஒரு பொம்மைக்காரனை நான் பாத்ததில்லை.

புதன்கிழமை ரிசல்ட்டு வந்துச்சு. இருக்கக்கூடிய அளவைவிடப் பல மடங்கு இருக்குன்னு சொன்னாங்க. புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்குடுத்தாங்க. "பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதே"ன்னு பூர்ணிமா கேட்டதுக்கு டாக்டரம்மா நேரா பதில் சொன்னாங்க: "இப்ப உறுதியா சொல்ல முடியாதும்மா. நிறுத்தினது பெரிய விஷயம். இன்னும் ரெண்டு மாசம் இப்படியே போயிருந்தா வேற மாதிரி பேசிக்கிட்டு இருப்போம். பொறந்ததும் பிள்ளைக்கும் ரத்தம் பாப்போம்." ஒரு சந்தேகம் இருந்தா இருக்குன்னு சொல்ற வாய். எனக்குப் புடிச்சுது.

மூணு வாரம் கழிச்சு எடுத்த ரத்தத்துல அளவு இறங்கியிருந்துச்சு. வயித்து முறுக்கு நின்னுடுச்சு. பிள்ளை உதைக்குதுன்னு என் கையை எடுத்து வயித்துல வச்சா. உதைச்சுது, நல்லா.

இதையெல்லாம் வெளிய சொல்ல நான் நினைக்கலை. நம்புங்க. பூர்ணிமாதான் சொன்னா: "சொல்லுங்கக்கா. பொம்மை ஜாடியை வூட்டுல வச்சிருக்கிறவங்க காதுல விழட்டும்."

நேத்து சாயங்காலம் மாவு குடுக்கப் போனேன். மறுநாள் புதுச்சேரிக்குப் போகணும். குருமூர்த்தி கட்டில் ஓரத்துல உக்காந்து போன்ல என்னமோ நீளமா அடிச்சுக்கிட்டு இருந்தான். டாக்டருகிட்ட என்னென்ன கேக்கணும்னு மாமியாரைக் கேக்குறானாம். திருந்தலைன்னு நினைச்சேன். அடிச்சு முடிச்சுட்டு அனுப்பலை. பூர்ணிமா பக்கம் திருப்பிக் காட்டினான்.

"நான் எதையாச்சும் வுட்டுட்டேனா பாரு."

அவ படிச்சா, கடைசி வரைக்கும். "முந்தாநாள் கால் வீங்கினது இல்லையே"ன்னா. சேத்தான். "ராத்திரி தூக்கம் வராதது." அதையும் சேத்தான்.

நான் அவன் தோளுக்குப் பின்னால எட்டிப் பாத்து, "இரும்பு மாத்திரையை இவ ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் முழுங்குறா, மிச்சத்தை முருங்கைச் செடிக்குப் போடுறா"ன்னேன்.

ரெண்டு பேரும் திரும்பிப் பாத்தாங்க. பூர்ணிமா முறைச்சா.

என்னை யாரும் கேக்கலைதான். கேட்டா மட்டும் சொல்றதுக்கு நான் என்ன போனா?